குதிரை விற்பவர்கள் கவனத்துக்கு...

உங்களிடம் பழைய கார் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பழைய பைக், பழைய ஃப்ரிட்ஜ், கட்டில், பீரோ... வாழ்க்கையில் ஒருமுறையாவது எதையாவது விற்றிருப்பீர்கள். விற்பதற்கு முந்தைய நாள் என்ன செய்தீர்கள் என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். நன்றாகத் துடைத்திருப்பீர்கள். கறையைத் தேய்த்து எடுத்திருப்பீர்கள். ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைத்திருப்பீர்கள். வாங்க வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தபோது, அந்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவராகப் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டிருப்பீர்கள்.

நானும் விடத்தான் பார்த்தேன்.

என் கார் 2009 மாடல். 2014-ல் நான் வாங்கியபோதே அதற்கு ஐந்து வயது. நாலு லட்சம் கொடுத்தேன். அந்த விலைக்கு அப்போது மடமடவென்று ஒரு புதுச் சின்ன காரே வாங்கியிருக்கலாம். ஆனால், இதில் சன்ரூஃப் இருந்தது. கூரையில் கண்ணாடி ஜன்னல்! இன்றைக்குச் சின்ன கார்களில்கூட வந்துவிட்டது. அன்றைக்கு அது பெரிய மனுஷன் சமாசாரம். விற்றவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சன்ரூஃப் மோட்டார் மட்டும் வேலை செய்யாது சார். நம்ம ஊர் வெயிலுக்கு அதை யார் திறக்கப் போறா?" எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. திறக்காத ஜன்னலோடு பதினோரு வருஷம் ஓட்டினேன்.

நான் பி.காம். படித்தவன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் தேய்மானக் கணக்கு ஓடும். வருமான வரிக் கணக்குப்படி காருக்கு ஆண்டுக்கு 15 சதவிகிதம் தேய்மானம். நாலு லட்சத்தை அப்படிப் பதினோரு முறை தேய்த்தால், மிஞ்சுவது சுமார் 67 ஆயிரம். மார்க்கெட்டில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும் என்றார்கள். விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

2025 ஐப்பசி. தீபாவளி முடிந்து செஞ்சிக்குப் போயிருந்தேன். மாமனார் ஊர். என் மச்சான் அங்கே ஒரு ஆளைப் பிடித்து வைத்திருந்தார். தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற இளம் ஆசிரியர். போனிலேயே பேசி 1,55,000-க்கு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை திண்டிவனம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. செஞ்சிக்கு முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் என் இடது தோளில் சொட்டு... சொட்டு... சொட்டு. அண்ணாந்து பார்த்தால், கூரைத் துணி கர்ப்பிணி வயிறு மாதிரி தொங்குகிறது. பக்கத்து சீட்டுக்காரியான என் மனைவி துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, "இதைத்தான் அந்த வாத்தியார்கிட்ட விக்கப்போறீங்களா?" என்று கேட்டாள். நான் வைப்பரின் வேகத்தைக் கூட்டினேன்.

மறுநாள் காலை திருவண்ணாமலை ரோட்டில் ஒரு குஷன் கடை. அறுபது வயதிருக்கும் ஒரு பாய். மூன்று தலைமுறை மாட்டு வண்டி மெத்தையிலிருந்து பஸ் சீட் வரை தைத்த குடும்பம். கதவைத் திறந்ததும் அவர் எதையும் தொடவில்லை. மூக்கைத்தான் உள்ளே நீட்டினார்.

"தண்ணி ரொம்ப நாளா இறங்குது தம்பி."

"இல்லீங்க பாய். நேத்துதான்."

"நேத்து வந்த தண்ணிக்கு இந்த வாசனை வராது."

நான் விஷயத்துக்கு வந்தேன். "பாய், ஞாயித்துக்கிழமை பார்ட்டி வர்றாங்க. மேல் துணியை மட்டும் மாத்திடுங்க. சீட்டு கிழிஞ்ச இடத்துல புது ரெக்சின் போட்டுடுங்க. பார்க்கப் பளிச்சுனு இருந்தா போதும்."

"துணி மாத்தினா நாலு மழை தாங்கும். அப்புறம்?"

"அப்புறம் அது நம்ம வண்டி இல்லையே பாய்."

இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் சிரித்தேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். அவர் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வண்டி உங்களுது இல்ல, சரி. துணி என்னுதாச்சே."

அடுத்த இரண்டு மணி நேரத்தில் நடந்ததுதான் முக்கியம். பக்கத்துக் கடை மெக்கானிக் பையனைக் கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து கூரையின் உள் அட்டையை இறக்கினார்கள். துணியின் பின்பக்க ஃபோம், விபூதி மாதிரி பொலபொலவென்று கொட்டியது. வெயிலில் வெந்து வெந்து பசை செத்துப்போனதால்தான் துணி தொங்கியதாம். ஆனால், அட்டையின் பின்னால் வளையம் வளையமாகப் பழுப்புக் கறைகள். ஒன்றுக்குள் ஒன்றாக, மரத்தை அறுத்தால் தெரியுமே, அப்படி.

இங்கே ஒரு சின்ன விஞ்ஞானம். சன்ரூஃப் என்பது தண்ணீரே புகாத மூடி என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். இல்லையாம். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் மழையின் பெரும்பகுதியைத் தடுக்கும். கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். இறங்கும் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அடியில் சுற்றிலும் ஒரு குட்டி வாய்க்கால். அதன் மூலைகளில் ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மெல்லிய டியூப். அது காரின் தூண்களுக்குள்ளேயே இறங்கி, கதவு இடுக்கு வழியாகவும் பின் சக்கரத்தின் பக்கமாகவும் தண்ணீரைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். பெரும்பாலான கார்களில் இதுதான் ஏற்பாடு. தூசியும் சருகும் டியூபை அடைத்தால், வாய்க்கால் நிரம்பி, உள்ளே வழியும். ஒழுகுகிற சன்ரூஃபில் பல நேரம் கோளாறு கண்ணாடியில் இல்லை. வடிகாலில்!

என் காரில் தூசி அடைக்கவில்லை. மெக்கானிக் பையன் டார்ச் அடித்துக் காட்டினான். வெள்ளை சிலிகான் பசை. கண்ணாடியைச் சுற்றிலும் யாரோ உள்பக்கமாகப் பூசியிருந்தார்கள். பூசிய வேகத்தில் வடிகால் ஓட்டைகளையும் அடைத்துவிட்டிருந்தார்கள். பசை பல வருஷம் தாங்கியிருக்கிறது. அப்புறம் வெயிலில் வெடிப்பு விட்டு, தண்ணீர் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் கூரைக்குள்ளேயே தங்கிவிட்டது. கால்மிதிக்கு அடியில் மழைக்காலத்தில் ஈரம் இருக்கும். "ஏசி தண்ணி சார்" என்பார்கள், நானும் நம்புவேன்.

"சார், மோட்டாரும் நல்லாத்தான் இருக்கு. ஃப்யூஸைக் கழட்டி வெச்சிருக்காங்க" என்றான் பையன். புது ஃப்யூஸ் போட்டு, பசையைச் சுரண்டி எடுத்த பிறகு சுவிட்சை அழுத்தினான். பதினோரு வருஷம் கழித்து என் கார் வானத்தைப் பார்த்தது.

நான் நடுரோட்டில் அப்படியே நின்றேன். 'வெயிலுக்கு யார் திறக்கப் போறா?' என்ற அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. திறந்தால் பசை பிய்ந்துவிடும். அதனால் திறக்க முடியாதபடி செய்திருக்கிறார். பதினோரு வருஷமாக நான் ஒரு பொய்யின் அடியில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். கோபம் கொப்பளித்தது. அயோக்கியன், ஏமாற்றுக்காரன், நல்லா இருப்பானா...

அடுத்த விநாடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். 'மேல் துணியை மட்டும் மாத்திடுங்க' என்று அரை மணி நேரத்துக்கு முன்னால் சொன்னது யார்?

எனக்கு வந்த பொய்யை, புதுத் துணி போர்த்தி, மடிப்புக் கலையாமல் அடுத்தவருக்குக் கைமாற்றிக் கொடுக்க இருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பசை தடவிய அட்டை காய ஒருநாள் ஆகும் என்றார் பாய். கடைக்கு எதிரே ராஜகிரி தெரிகிறது. சும்மா இருப்பானேன் என்று கோட்டைக்குப் போனேன்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டு... அதில் பதினொன்று மகாராஷ்டிராவில் இருப்பவை. மிச்சமிருக்கும் ஒன்று நம்ம செஞ்சி. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராமை உள்ளே வைத்துக்கொண்டு, மொகலாயப் படையை 1690-லிருந்து 1698 வரை வெளியிலேயே நிறுத்தி வைத்த கோட்டை. அத்தனை வருஷம் தாக்குப் பிடிக்க மதில் மட்டும் போதாது. தண்ணீர் வேண்டும். குளங்களும் சுனைகளும் இல்லாவிட்டால், எட்டு வருஷம் என்ன, எட்டு மாசம்கூடத் தாங்காது. கல்யாண மஹாலுக்குச் சுடுமண் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். தண்ணீரைத் தடுக்காதே, அதற்கு வழி காட்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் காரைச் செய்தவனுக்கும் தெரிந்திருக்கிறது. நடுவில் வந்த எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியவில்லை.

செஞ்சி என்றால் தேசிங்கு ராஜா ஞாபகம் வராமல் இருக்குமா? 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து இளம் வயதில் செத்துப்போனவன். கதைப்பாடலில் அவனுக்கு நிகரான இன்னொரு நாயகன் அவன் குதிரை. டெல்லியில் யாராலும் அடக்க முடியாத முரட்டுக் குதிரையை அவன் அடக்கினான் என்பது கதை. அந்தக் குதிரையில் ஒளிவுமறைவே இல்லை பாருங்கள். 'இது உதைக்கும்' என்று ஊருக்கே தெரியும். தெரிந்துதான் ஏறினான்.

கல்யாண மஹால் படியில் உட்கார்ந்திருந்தபோது, இந்தக் குதிரை எனக்கு வேறொரு குதிரையை ஞாபகப்படுத்தியது. பி.காமில் வணிகச் சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17. 'மோசடி' என்றால் என்ன என்பதற்கு, சட்டமே குதிரையை உதாரணம் காட்டுகிறது. ஏலத்தில் ஒருவர் நோயுள்ள குதிரையை விற்கிறார். நோய் அவருக்குத் தெரியும்; ஆனால், வாயைத் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம்! சும்மா இருப்பது மட்டும் மோசடி ஆகாது. அடுத்த உதாரணம்: வாங்குகிறவள் அவருடைய மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள். அப்போது சொல்லியே ஆகவேண்டும். மூன்றாவது: 'நீங்கள் மறுக்காவிட்டால், குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குகிறவர் சொல்கிறார். இவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இங்கே மௌனம் பேச்சுக்குச் சமம்.

இதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. தெரிந்த குறையை முயற்சி எடுத்து மறைத்தால், அது மோசடிதான். அதாவது, தொங்குகிற துணியோடு காரை நிறுத்திவிட்டு நான் சும்மா இருந்தால் சட்டம் என்னை விட்டுவிடக்கூடும். ஒழுகலைச் சரிசெய்யாமல், புதுத் துணி ஒட்டினால் விடாது. எது அலங்காரம், எது மறைப்பு என்ற கேள்விக்கு 150 வருஷத்துக்கு முன்பே விடை எழுதி வைத்திருக்கிறார்கள். பரீட்சையில் இதற்கு எனக்கு நல்ல மார்க். வாழ்க்கையில்தான் அரியர்ஸ்.

ஆனால், ஒரு நியாயம் கேட்கிறேன். சட்டம் விட்டுவிட்டால் போதுமா? சும்மா இருப்பது சரியா?

இது இன்று நேற்றுச் சண்டை இல்லை. கி.மு. 44-ல் ரோமானியரான சிசெரோ, கடமைகளைப் பற்றித் தன் மகனுக்கு எழுதிய நூலில் இதைத்தான் கேட்கிறார். ஒருவன் வீட்டை விற்கிறான். வீட்டில் கோளாறு. விற்கிறவனுக்கு மட்டும்தான் அது தெரியும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்கிற தத்துவ ஆசிரியர் வேண்டாம் என்கிறார். 'வாங்கு என்று நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. தன் பொருளின் குறையைத் தண்டோரா போட்டு விற்கிறவன் முட்டாள்.' அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், குருவோடு மல்லுக்கு நிற்கிறார். 'வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் இருப்பதே பாவம். இது அதைவிட மோசம். ஒருவன் குழியில் விழப்போவது தெரிந்தும் பார்த்துக்கொண்டிருப்பது.' சிசெரோவின் கட்சி சிஷ்யன் கட்சி. நம்ம வள்ளுவரும் நடுவு நிலைமை அதிகாரத்தை எங்கே கொண்டுபோய் முடிக்கிறார் என்று பாருங்கள். வியாபாரத்தில்தான்.

டயோஜெனிஸைச் சுலபமாக ஒதுக்கிவிடவும் முடியாது. நாம் எல்லோரும் அவர் கட்சியில் மெம்பர்கள்தானே? 'பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்', 'விலையிலேயே குறைச்சாச்சு', 'கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரட்டுமே', 'நான் வாங்கும்போது எனக்கு யார் சொன்னா?' இந்த நாலு வாசகங்களையும் நான் மனசுக்குள் மனப்பாடமாக வைத்திருந்தேன். கடைசி வாசகம்தான் ரொம்ப ருசியானது. நமக்கு நடந்த அநியாயம், அதை அடுத்தவனுக்குச் செய்ய நமக்குக் கிடைத்த லைசென்ஸ் மாதிரி தோன்றும். அப்படி ஒவ்வொருவரும் கைமாற்றிக்கொண்டே போனால், யாராவது ஒருவர் கையில் அது வெடிக்கும். அந்தக் கை யாருடையது என்று நமக்குத் தெரியாது. தெரியாததுதான் நமக்கு வசதி.

எனக்கு அந்த வசதியும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் ஆசிரியர் போன் செய்தார். ஞாயிறு எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "பாப்பாவுக்கு மூணு வயசு சார். வீசிங். பஸ்ல தூசியும் கூட்டமுமா இருக்கு, டாக்டர்கிட்ட போறதுக்குள்ள பெரிசாகிடுது. அதுக்காகத்தான் கார். உங்க வண்டி குடும்ப வண்டி, நல்லா வெச்சிருப்பீங்கன்னு உங்க மச்சான் சொன்னார்."

அந்த நேரத்தில் பாய், என் காரின் தரை விரிப்பைத் தூக்கி வெயிலில் போட்டிருந்தார். அடியில் இருந்த சணல் ஃபெல்ட், பிழிந்தால் சொட்டும் ஈரம். அதன் மேல் கரும்பச்சையாகப் பூஞ்சை. வீசிங் இருக்கிறவர்களுக்குப் பூஞ்சை எமன். அந்த வாசனையைத்தான் பாய் முதலிலேயே பிடித்தார்.

'நீங்கள் மறுக்காவிட்டால், குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.' ஆசிரியர் சட்டம் படித்தவரில்லை. ஆனால், அதைத்தான் சொன்னார். நான், "பத்து மணிக்கு வாங்க சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை!

பாயிடம் போனேன். "மேலே, கீழே, எல்லாம் சரி பண்ணிடுங்க. எவ்வளவு ஆனாலும்." மெக்கானிக் பையன், தூண்டில் நரம்பை டியூப்களில் விட்டு விட்டு அடைப்பை எடுத்தான். காற்று பிடிக்கிற மெஷினை வைத்து அடிக்கலாமே என்றேன். "வேணாம் சார், உள்ளே டியூப் கழண்டுக்கும்" என்றான். கண்ணாடிக்குப் புது ரப்பர் அந்த ஊரில் கிடைக்காது; பழையதைச் சுத்தம் செய்து போட்டான். அப்புறம் வாய்க்காலில் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். முன் கதவு இடுக்கில் ஒரு தாரை, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு தாரை. தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பழைய ஃபெல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு போட்டார் பாய். தரைத் தகட்டில் இரண்டு இடத்தில் துரு. சுரண்டி பெயின்ட் அடித்தார்கள். மொத்தம் 14,500 ரூபாய்.

சீட்டில் ஒரு இடம் கிழிந்திருந்தது. அதே கலர் ரெக்சின் கிடைக்கவில்லை. கொஞ்சம் அடர்ந்த கலரில் ஒட்டுப் போட்டார். "தெரியுதே பாய்" என்றேன். "தெரியட்டுமே. கிழிஞ்சுது, தைச்சிருக்கு. அதுல என்ன கேவலம்?"

அந்த மனிதர் வெனிஸ் சாசனத்தைப் படித்திருக்க வாய்ப்பில்லை. பழைய நினைவுச் சின்னங்களை எப்படிப் பழுது பார்க்க வேண்டும் என்று 1964-ல் உலக வல்லுநர்கள் கூடி எழுதியது அது. இடிந்த இடத்தில் புதுசாக வைப்பது, பழசோடு பொருந்தி நிற்க வேண்டும். அதே சமயம், இது புதுசு என்று தனியாகத் தெரியவும் வேண்டும். வரலாற்றைப் பொய்யாக்கக் கூடாது. கோட்டைக்கு எழுதிய இந்த விதி, ஒரு கார் சீட்டுக்கும் பொருந்துகிறது. பழுது பார்ப்பதில் இரண்டு ரகம். உடைந்ததை ஒப்புக்கொண்டு சரி செய்வது ஒன்று. உடையவே இல்லை என்று சாதிப்பது இன்னொன்று. கூலி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம்.

ஞாயிறு காலை. ஆசிரியரும் அவர் மனைவியும் குழந்தையோடு வந்தார்கள். நான் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினேன். கம்பெனிக் கணக்கறிக்கையின் கடைசியில் 'குறிப்புகள்' என்று வருமே, அந்த மாதிரி. எங்கே ஒழுகியது, ஏன் ஒழுகியது, என்ன செய்திருக்கிறோம், எது இன்னும் பழசு, தரையில் எங்கே துரு, பூஞ்சை இருந்தது, ஃபெல்ட் மாற்றியாகிவிட்டது. எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். "விலையில 20 ஆயிரம் குறைச்சுக்கறேன் சார்" என்றும் சொன்னேன்.

சினிமாவாக இருந்தால், ஆசிரியர் கண் கலங்கி என் கையைப் பிடித்திருப்பார். நிஜத்தில் அவர் தாளை இரண்டு தடவை படித்தார். மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் குழந்தையை மெல்லக் காரிலிருந்து இறக்கிக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றோம் சார்." போய்விட்டார்கள். சாயங்காலம் மச்சான் போனில் கத்தினார்: "இவ்வளவு சொல்றவரு இன்னும் எவ்வளவு மறைக்கிறாரோன்னு கேக்கறாங்க மாமா! உங்களை யார் பேப்பர்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னது?"

உண்மை சொன்னால் நன்மை வரும் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. அன்று ராத்திரி எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. 14,500 செலவு, பார்ட்டியும் போச்சு. ஆனால், அவர்கள் மேல் எரிச்சல் வரவில்லை. அந்தத் தாளைப் படித்த பிறகு வேண்டாம் என்று சொல்கிற உரிமை, ஒரு வீசிங் குழந்தையின் தாய்க்கு உண்டு. தாள் இல்லாவிட்டால் அந்த உரிமையை நான் அவரிடமிருந்து திருடியிருப்பேன். குறையைச் சொல்லாமல் விற்கும்போது நாம் எடுத்துக்கொள்வது பணத்தை மட்டும் இல்லை. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு இருந்த ஒரே சந்தர்ப்பத்தையும் எடுத்துக்கொள்கிறோம்.

அப்புறம் ஒரு மாசம் கழித்து அவர் வேறொரு பழைய கார் வாங்கிவிட்டதாக மச்சான் சொன்னார். நல்லா பளிச்சென்று இருக்கிறதாம். விற்றவர் ஒரு குறையும் சொல்லவில்லையாம். அந்த மேல் துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நல்லதாகவே இருக்கட்டும்.

என் கார் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. அந்தத் தாளும் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அடுத்து யார் வந்தாலும் முதலில் அதைத்தான் நீட்டப்போகிறேன். மழை பெய்கிற நாளில் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, முன் கதவு இடுக்கில் தண்ணீர் வடிகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் பதறிப்போய், "சார், உங்க வண்டி ஒழுகுது!" என்றார்.

"ஆமா சார்" என்றேன். "வெளியில ஒழுகினா நல்லதுதான்."